சம்பவ இடத்துக் கறை நீதிமன்றம் போய்ச் சேரும் வழி: உயிரியல் தடயங்கள் பற்றிய முழுமையான வழிகாட்டி

டி.என்.ஏ. பொருந்திவிட்டால் வழக்கு முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. அந்த வழக்கில் கைதானவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எடுத்த மாதிரிகள் எங்கே, யார் கையில் இருந்தன, ஏன் தாமதமாக ஆய்வகத்துக்குப் போயின என்ற கேள்விகளுக்கு அரசுத் தரப்பிடம் நம்பும்படியான பதில் இல்லை என்பது அதற்கு முக்கியக் காரணம்.

உயிரியல் தடயம் உள்ள வழக்குகளின் தீர்ப்புகளைப் படிக்கப் படிக்க எனக்குப் படுவது ஒன்றுதான். வழக்கைக் கெடுப்பவை பெரும்பாலும் ஈரத் துணி, கிழிந்த உறை, எழுதாத தேதி போன்ற சின்ன விஷயங்கள். அதனால் இந்த வழிகாட்டியில் ஆய்வகத்துக்குக் கொடுக்கும் அதே இடத்தை ஆய்வகத்துக்கு வெளியே நடப்பதற்கும் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே எழுதுகிறேன். இளம் வக்கீல்கள், சட்ட மாணவர்கள், காவல் நிலையத்தில் இந்த வேலையைச் செய்பவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

படி 1: சம்பவ இடம்

முதலில் போகிறவர் செய்ய வேண்டியது எதையும் தொடாமல் இருப்பது. சொல்ல எளிது. ஊரே கூடி நிற்கும் இடத்தில் கயிறு கட்டி ஆட்களை நிறுத்துவதற்குள் பாதித் தடயம் செருப்பில் ஒட்டிக்கொண்டு போய்விடும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயங்களைச் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசமும் உண்டு. அதுவரை பல இடங்களில் புலன் விசாரணை அதிகாரியேதான் சேகரிப்பார்.

வரிசை முக்கியம். முதலில் புகைப்படம், அளவுகோல் வைத்தும் வைக்காமலும். அப்புறம் பார்வை மகஜர் (இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன் எழுதும் ஆவணம்), மாதிரி வரைபடம். அதன் பிறகுதான் கறையில் கை வைக்க வேண்டும். மகஜரில் "ஆங்காங்கே ரத்தக்கறை" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. வாசலிலிருந்து எத்தனை அடி, தரையிலா சுவரிலா, சொட்டா தெறிப்பா இழுபட்ட தடமா என்று எழுத வேண்டும். சாட்சியாகக் கையெழுத்துப் போடும் வி.ஏ.ஓ. நான்கைந்து வருஷம் கழித்துக் கூண்டில் ஏறுவார். அன்றைக்கு அவர் நினைவுக்கு இருக்கும் ஒரே துணை அந்தக் காகிதம்தான்.

படி 2: எடுப்பது, காயவைப்பது, கட்டுவது

இந்தப் படியில் கொஞ்ச நேரம் நின்றுதான் ஆக வேண்டும்.

கையுறை போட வேண்டும். ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் போகும்போது அதை மாற்றவும் வேண்டும். ஒரே கையுறையோடு இறந்தவரின் சட்டையையும் சந்தேகப்படும் ஆளின் கத்தியையும் எடுத்தால், இல்லாத தொடர்பை நாமே உண்டாக்கிவிடுகிறோம். முகக்கவசமும் வேண்டும், பேசும்போது தெறிக்கும் எச்சிலிலும் டி.என்.ஏ. இருக்கிறது.

எடுத்துப்போகக்கூடிய பொருளாக இருந்தால் பொருளையே எடுக்க வேண்டும். சுவர், சிமென்டுத் தரை போன்றவற்றில் காய்ந்த கறைக்கு, காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்கலாம், அல்லது சுத்தமான பிளேடால் சுரண்டி எடுக்கலாம். கறை இல்லாத பக்கத்து இடத்திலிருந்தும் அதே மாதிரி ஒன்று எடுக்க வேண்டும். நம்மூர் மகஜர்களில் "ரத்தம் தோய்ந்த மண், மாதிரி மண்" என்று இரண்டு டப்பாக்கள் வருவது இதற்காகத்தான். சோதனையில் வந்த முடிவு கறையால் வந்ததா, அந்த மண்ணிலேயே இருந்த ஏதோ ஒன்றால் வந்ததா என்று பிரித்தறிய இரண்டாவது டப்பா வேண்டும். பலர் இதைச் சடங்காகச் செய்கிறார்கள். சிலர் மாதிரி மண்ணை வேறு எங்கிருந்தோ அள்ளுகிறார்கள். அதற்கு எடுக்காமலே விட்டுவிடலாம்.

அடுத்து, காயவைத்தல். ரத்தம் தோய்ந்த சேலையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால், நம் ஊர் வெயிலில் சில நாளிலேயே பூஞ்சையும் பாக்டீரியாவும் வேலையை முடித்துவிடும். நிழலில், மின்விசிறிக்கு நேராக இல்லாமல், சுத்தமான காகிதத்தின் மேல் விரித்துக் காயவைக்க வேண்டும். நேரடி வெயில் கூடாது, புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். காய்ந்த பின் கறையின் மேல் வெள்ளைக் காகிதம் வைத்து மடித்துக் காகித உறையில் போட வேண்டும். ஒரு பொருளுக்கு ஓர் உறைதான். இரண்டு பேரின் துணிகளை ஒரே மூட்டையாகக் கட்டினால், அந்த மூட்டையிலிருந்து வரும் எந்த முடிவும் நீதிமன்றத்தில் நிற்காது.

ரத்த மாதிரிக்கு, ரத்தம் உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. குழாயும் குளிர்ச்சியும் வேண்டும், அல்லது டி.என்.ஏ.வைக் காக்கும் வேதிப்பொருள் ஏற்றிய எஃப்.டி.ஏ. அட்டையில் சொட்டுவிட்டுக் காயவைக்கலாம். அழுகிய உடலாக இருந்தால் தொடை எலும்பும் பல்லும் கைகொடுக்கும்.

திசு அழுகாமல் காக்கும் திரவமான ஃபார்மலின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனையில் திசுவை நுண்ணோக்கிச் சோதனைக்கு ஃபார்மலினில் போடுவது வழக்கம். அதே பழக்கத்தில் டி.என்.ஏ.வுக்கான திசுவையும் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலின் டி.என்.ஏ.வை உடைத்து, புரதத்தோடு பிணைத்துவிடும். பாலியல் வன்முறையால் உண்டான கருவைக் கலைக்கும்போது இது மிக முக்கியம். கருத்திசுவை நார்மல் சலைனில் (உப்புக் கரைசலில்), பனிக்கட்டிப் பெட்டியில் உடனே அனுப்ப வேண்டும். திருச்சி அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா வழக்கில், கலைக்கப்பட்ட கருவின் டி.என்.ஏ.வை ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. (செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வு செய்து அவரே தந்தை என்றது. 1997-இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் தண்டித்தபோது அது முக்கியச் சான்றுகளில் ஒன்று. அந்தத் திசு கெட்டிருந்தால் அந்தச் சான்றே இருந்திருக்காது.

படி 3: ஆட்களிடமிருந்து மாதிரி

ஒப்பிட ஆள் மாதிரி இல்லாமல் கறையின் டி.என்.ஏ. வெறும் எண் வரிசை. குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து ரத்தம், எச்சில், முடி, நகத்துண்டு எடுக்க அதே சன்ஹிதாவின் 51-ஆம் பிரிவும், பாலியல் வன்புணர்வு வழக்கில் 52-ஆம் பிரிவும் வழி செய்கின்றன. எடுப்பது பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். ரத்தம் கொடுக்க வைப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பதாகாதா என்று கட்சிக்காரர்கள் கேட்பார்கள். ஆகாது. 1961-இல் காத்தி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு வகுத்த வழி இன்றும் நிற்கிறது. உடலிலிருந்து எடுக்கும் பொருள் வேறு, வாக்குமூலம் வேறு.

மாதிரி எடுக்கும்போது அடையாளப் படிவத்தில் அந்த ஆளின் புகைப்படம், கைரேகை, மருத்துவர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து வேண்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றப்பட்டதா, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்ததா என்றும் கேட்டு எழுத வேண்டும். மஜ்ஜை மாற்றியவரின் ரத்தத்தில் கொடையாளியின் டி.என்.ஏ. வரும்.

பாதிக்கப்பட்ட பெண்ணின் பரிசோதனைக்கு 184-ஆம் பிரிவு. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அவருடைய சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. மத்திய சுகாதாரத் துறையின் 2014 நெறிமுறைப்படி, சம்பவம் நடந்து 96 மணி நேரத்துக்குள் வந்தால் எல்லா மாதிரிகளையும் எடுக்க வேண்டும். குளித்துவிட்டார், துணி மாற்றிவிட்டார் என்பது எடுக்காமல் விடக் காரணமாகாது. அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். பெண் உடலுறவுக்குப் பழகியவரா என்று பார்ப்பதாகச் சொல்லும் இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013-இலும் 2022-இலும் கண்டித்திருக்கிறது. யாராவது அதை இன்னும் அறிக்கையில் எழுதினால் விட்டுவிடாதீர்கள்.

படி 4: பயணம்

கைப்பற்றிய பொருள்கள் தமிழ்நாட்டில் பொதுவாக நேராக ஆய்வகத்துக்குப் போவதில்லை. படிவம் 95 வழியாக நீதித்துறை நடுவரிடம் போகும். சோதனைக்கு அனுப்பக் கோரி புலன் விசாரணை அதிகாரி வேண்டுகோள் கொடுப்பார். நீதிமன்றத்தின் முகப்புக் கடிதத்தோடு ஒரு காவலர் எடுத்துக்கொண்டு போவார். இந்த ஒவ்வொரு கைமாற்றமும் ஓர் ஓட்டை ஆகலாம். காவல் நிலையத்து அலமாரியில் இருந்த நாட்கள், விடுமுறை நாட்கள், ஆய்வகம் "முத்திரை தெளிவாக இல்லை" என்று திருப்பி அனுப்பிய நாட்கள் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் விளக்க வேண்டியிருக்கும்.

ஓர் இளம்பெண் பாலியல் வன்புணர்வுக்குப் பின் கொல்லப்பட்ட டெல்லி சாவ்லா வழக்கு இதற்கு நல்ல பாடம். 2012 பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் 27-ஆம் தேதிதான் ஆய்வகத்துக்குப் போயின. இடையில் காவல் நிலையத்தில் கிடந்தன. யாரும் கை வைத்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது என்ற உச்ச நீதிமன்றம், 2022 நவம்பரில் மரண தண்டனை பெற்றிருந்த மூவரையும் விடுதலை செய்தது.

சுருளி வழக்குத் தீர்ப்பு ஒரு படி மேலே போய், நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது. மாதிரி உறையில் முதல் தகவல் அறிக்கையின் எண்ணும் தேதியும், சட்டப் பிரிவு, காவல் நிலையம், அதிகாரியின் விவரம், வரிசை எண் ஆகியவையும் இருக்க வேண்டும். எடுத்ததைப் பதிவு செய்யும் ஆவணத்தில் மருத்துவர், புலன் விசாரணை அதிகாரி, சுதந்திரமான சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகம் சேர வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் உறையைத் திறக்கவோ மறுபடி முத்திரையிடவோ கூடாது. எடுத்த நாள் முதல் தண்டனை அல்லது விடுதலை வரை ஒவ்வொரு நகர்வையும் இரு பக்கமும் கையெழுத்திட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவேடு நீதிமன்றக் கோப்பில் சேர வேண்டும். 48 மணி நேரம் என்பது நம் ஆள்பற்றாக்குறைக்குக் கடினம்தான். ஆனால் காரணத்தை எழுதி வைக்கத் தனியாக ஆள் வேண்டியதில்லை.

படி 5: இது என்ன?

ஆய்வகத்தில் முதல் கேள்வி யாருடையது என்பதில்லை. இது ரத்தமா என்பதுதான். வெற்றிலைக் கறையும் சிவப்புப் பெயின்டும் துருவும் பார்வைக்கு ஏமாற்றும்.

பழைய முறைதான் இன்னும் ஓடுகிறது. கறையை ஒற்றிய தாளில் பினால்ப்தலீன் கரைசல் ஒரு சொட்டு, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. சில நொடியில் இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம். பெராக்சைடு விடும் முன்பே நிறம் வந்தால் அது வேறு ஏதோ வேதிப்பொருள். உருளைக்கிழங்கு போன்ற சில காய்கறிகளில் உள்ள நொதியும் இதே நிறத்தைக் காட்டும். எனவே இது வடிகட்டும் சோதனை மட்டுமே. டகயாமா சோதனையில் நுண்ணோக்கியில் இளஞ்சிவப்புப் படிகங்கள் தெரிந்தால் ரத்தம் என்பது உறுதி.

ஆட்டு ரத்தமா மனித ரத்தமா என்பது அடுத்தது. 1901-இல் ஜெர்மனியின் உலென்ஹுத் கண்டுபிடித்த எதிர்ப்புரதச் சோதனையின் வாரிசுகள்தான் இன்றும் பயன்படுகின்றன. இப்போது கொரோனா காலத்தில் வீட்டில் பார்த்த கிட் போன்ற அட்டையிலேயே கோடு விழுந்துவிடும்.

பிறகு ரத்தப் பிரிவு. தமிழ்நாட்டுத் தீர்ப்புகளில் "சீராலஜி அறிக்கை" என்று வருவது இதுதான். அரிவாளில் 'ஓ', இறந்தவர் சட்டையில் 'ஓ' என்று வந்தால் பொருந்துகிறது என்பார்கள். இங்கே ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவருக்கு 'ஓ' பிரிவுதான். தெருவில் போகும் யாரைப் பிடித்தாலும் பொருந்தும் வாய்ப்பு அவ்வளவு. ஆளை விலக்கப் பயன்படும், சுட்டிக்காட்ட அல்ல. கைப்பற்றிய ஆயுதத்தில் ரத்தப் பிரிவோடு நிறுத்திக்கொண்டு டி.என்.ஏ. கேட்காமல் விடும் வழக்குகள் இன்னும் வருகின்றன என்பது எனக்குப் புரியாத விஷயம்.

விந்துக்கு ஆசிட் பாஸ்படேஸ் சோதனையில் ஊதா நிறம் வரும். அதை உறுதிப்படுத்த பி.எஸ்.ஏ. என்ற புரதம் அல்லது நுண்ணோக்கியில் விந்தணு. கருத்தடை அறுவை செய்துகொண்டவரின் விந்தில் அணு இருக்காது, புரதம் இருக்கும். ஆகவே "விந்தணு காணப்படவில்லை" என்ற வரியை "குற்றம் நடக்கவில்லை" என்று படிக்கக் கூடாது. எச்சிலுக்கு அமைலேஸ் நொதி. அது மற்ற உடல் திரவங்களிலும் கொஞ்சம் இருப்பதால் இந்த முடிவு உறுதியானதல்ல.

இந்த வேலையில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவின் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் இங்கேதான் தொடங்கியது.

படி 6: யாருடையது?

1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் டி.என்.ஏ. ரேகை முறையைக் கண்டார். அது முதலில் பயன்பட்ட கொலை வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞரை நிரபராதி என்றுதான் அது காட்டியது. இந்தியாவில் லால்ஜி சிங் சி.சி.எம்.பி.யில் இதை வளர்த்தார். 1989-இல் கேரளத்தில் தந்தை யார் என்ற வழக்கில் அவருடைய ஆய்வு சான்றாக ஏற்கப்பட்டது.

இன்றைய முறைக்கு எஸ்.டி.ஆர். என்று பெயர். டி.என்.ஏ.வின் சில குறிப்பிட்ட இடங்களில் சிறு துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வோர் இடத்திலும் அப்பாவிடமிருந்து ஓர் எண், அம்மாவிடமிருந்து ஓர் எண். டி18எஸ்51 என்ற இடத்தில் ஒருவருக்கு 12, 15 என்று இருக்கலாம். அமெரிக்கா 2017 முதல் இப்படி 20 இடங்களைப் பார்க்கிறது.

வேலை நடக்கும் வரிசை இது. முதலில் பிரித்தெடுத்தல். பாலியல் வழக்கின் பஞ்சில் பெண்ணின் செல்லும் விந்தணுவும் கலந்திருக்கும். விந்தணுத் தலையின் புரதங்கள் கெட்டியாகப் பிணைந்திருப்பதால் சாதாரணக் கரைசலுக்கு மசியாது. எனவே முதலில் பெண்ணின் செல்களை உடைத்துக் கழுவி எடுத்துவிட்டு, பிறகு டி.டி.டி. என்ற வேதிப்பொருளால் விந்தணுவை உடைக்கிறார்கள். எளிமையான யோசனைதான், ஆனால் பல வழக்குகள் இதனால்தான் தீர்ந்தன.

அடுத்து அளவிடுதல். ஒரு நானோகிராம் போதும், அது ஏறக்குறைய 150 செல்களின் சரக்கு. பிறகு டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர்., ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. குறையில்லாமல் நடந்தால் 28 சுற்றில் ஒரு பிரதி 26 கோடிக்கு மேல் ஆகிவிடும். ரத்தத்தின் ஹீம், ஜீன்ஸின் நீலச் சாயம், மண்ணின் ஹ்யூமிக் அமிலம் ஆகியவை இந்தப் பெருக்கத்தைத் தடுக்கும். கடைசியில் மெல்லிய குழாயில் மின்சாரத்தால் ஓடவிட்டால் துண்டுகள் நீள வரிசையில் பிரிந்து, கணினியில் முகடுகளாகத் தெரியும்.

பெண்ணின் டி.என்.ஏ. மிகுந்து ஆணுடையது அமுங்கிவிட்டால் ஆணுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோமை மட்டும் பார்க்கலாம். ஆனால் அது அப்பா, மகன், அண்ணன், தம்பி எல்லோருக்கும் ஒன்றே. எலும்பும் பழைய முடியும் என்றால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அது தாய்வழி உறவினர் எல்லோருக்கும் பொதுவானது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரை எஸ்.டி.ஆர். பிரிக்காது.

பெருக்கும் ஆற்றலே இந்த முறையின் பலவீனமும். ஜெர்மனியில் 2007-இல் ஹைல்பிரான் நகரில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த பெண் டி.என்.ஏ. மூன்று நாடுகளில் சுமார் 40 குற்ற இடங்களில் கிடைத்தது. 2009-இல்தான் தெரிந்தது, அது பஞ்சுக் குச்சியைக் கட்டிய தொழிலாளியுடையது என்று. குச்சியில் கிருமி இல்லை, டி.என்.ஏ. இருந்தது. ஆய்வக ஊழியர்கள், மாதிரி எடுத்த மருத்துவர், போலீஸார் ஆகியோரின் டி.என்.ஏ.வையும் வைத்து ஒப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

படி 7: அறிக்கையைப் படிப்பது

மூன்று முடிவுகள்தான் வர முடியும்: பொருந்துகிறது, பொருந்தவில்லை, முடிவு சொல்ல இயலவில்லை. பொருந்தவில்லை என்பதே மூன்றில் வலிமையானது. கறை சரியாக எடுக்கப்பட்டிருந்தால் அந்த ஆள் அதன் மூலம் இல்லை, அவ்வளவுதான்.

பொருந்துகிறது என்றால் அடுத்த கேள்வி, தற்செயலாக வேறொருவருக்கும் பொருந்த எவ்வளவு வாய்ப்பு? பல அறிக்கைகளில் இந்த எண் இருப்பதில்லை. இருந்தாலும் தப்பாகப் படிக்கிறார்கள். சிதைந்த மாதிரியில் சில இடங்களை மட்டும் படிக்க முடிந்து, பத்து லட்சத்தில் ஒருவருக்குப் பொருந்தும் என்று வருகிறது என்று வையுங்கள். உடனே "இவர் நிரபராதியாக இருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று" என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை சுமார் 7.2 கோடி. அந்தக் கணக்கில் இங்கே மட்டும் 72 பேருக்குப் பொருந்தலாம். வேறு சான்று இல்லாவிட்டால் இவர் அந்த 72 பேரில் ஒருவர் மட்டுமே. எல்லா இடங்களையும் படிக்க முடிந்த முழு மாதிரியில் எண் இதைவிட எத்தனையோ மடங்கு அரிதாகிவிடும், அங்கே இந்தக் கவலை குறைவு.

ஓரிடத்தில் இரண்டுக்கு மேற்பட்ட முகடுகள் பல தடவை வந்தால் கலப்பு மாதிரி. எத்தனை பேர், எப்படிப் பிரித்தார்கள் என்று கேளுங்கள்.

கறை யாருடையது என்று மட்டுமே டி.என்.ஏ. சொல்லும். எப்போது வந்தது, எப்படி வந்தது என்று சொல்லாது. 2012-இல் கலிஃபோர்னியாவில் கொலையுண்டவரின் நகத்தில் ஒருவரின் டி.என்.ஏ. கிடைத்தது. அவரோ அந்த இரவு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். சில மணி நேரம் முன்பு அவருக்குச் சிகிச்சை தந்த அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள்.

படி 8: நீதிமன்றத்தில்

சட்டம் பட்டியலிட்ட அரசு நிபுணர்களின் அறிக்கையை சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவின்படி அவர்களை விசாரிக்காமலே சான்றாக ஏற்கலாம். ஆனால் அவர்களை அழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. டி.என்.ஏ. முக்கியமான வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கேட்காமல் இருப்பது கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம். சாவ்லா தீர்ப்பில், கீழ் நீதிமன்றங்கள் அறிக்கையின் அடிப்படையையோ, முறைகள் நம்பும்படி கையாளப்பட்டனவா என்பதையோ பார்க்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் குறை சொன்னது.

மறுபக்கம், டி.என்.ஏ. சோதனை செய்யவில்லை என்பதாலேயே வழக்கு விழுந்துவிடாது. ஓட்டல் அதிபர் பி. ராஜகோபால் தண்டிக்கப்பட்ட வழக்கில், கொடைக்கானல் மலைப்பகுதியில் கிடைத்த உடலை, மண்டை ஓட்டின் படத்தோடு அவரது புகைப்படத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பொருத்திப் பார்த்து அடையாளம் கண்டார்கள். டி.என்.ஏ. சோதனை இல்லையே என்ற வாதத்தை 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. டி.என்.ஏ.வும் நிபுணர் கருத்துதான், அதன் மதிப்பு வழக்குக்கு வழக்கு மாறும் என்றது.

எதிர்த்தரப்பில் ஆஜராகிறீர்கள் என்றால் அறிக்கையின் இரண்டு பக்கத்தோடு திருப்தி அடையாதீர்கள். முகடுகள் உள்ள வரைபடம், பிரித்தெடுத்த அளவு, உடன் ஓட்டிய வெற்று மாதிரியின் (டி.என்.ஏ. எதுவும் சேர்க்காமல் ஓட்டுவது) முடிவு, உறை வந்தபோதிருந்த முத்திரைப் பதிவு, கைமாற்றப் பதிவேடு ஆகியவற்றைக் கேட்டு மனுப் போடுங்கள். வெற்று மாதிரியில் முகடு தெரிந்தால் அசுத்தம் கலந்திருக்கிறது என்று பொருள். எடுத்த பஞ்சில் மிச்சம் இருக்கிறதா, பிரித்தெடுத்த டி.என்.ஏ. கரைசல் உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் அதே மனுவில் கேளுங்கள். மிச்சம் இருந்தால் மறுசோதனைக்கு வழி உண்டு. அதற்கு விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.